எடைக்கல்லில் ஒரு பொட்டு

முதல் சொட்டு விழுவதற்கே மூன்று நிமிஷம் ஆனது, ஆகட்டும், மணிக்கு ஒரு மில்லி என்றால் இருபது சொட்டு, சொட்டுக்கு மூன்று நிமிஷம், இதில் பிசகில்லை என்று நினைத்தாள் ரேணுகாதேவி. கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு, தராசின் மேல் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குவளை, குவளைக்கு மேலே மெல்லிய குழாயின் நுனி, குழாயின் மறுமுனையில் சிரிஞ்சை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும் பம்ப். பிறந்து இரண்டு நாளான குழந்தையின் நரம்புக்குள் மருந்தை ஏற்ற வேண்டிய பம்ப், இப்போது வெறும் தண்ணீரைக் குவளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குத் தொடங்கிய சோதனை பன்னிரண்டுக்கு முடியும். அந்த ஒரு மணி நேரமும் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தேன் என்று கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் நிபந்தனை. "பாக்கணும்னா பாக்கணும் மேடம். நடுவுல எந்திரிச்சுப் போயி போன் பேசிட்டு வர்றதெல்லாம் ஆகாது" என்று பரீட்சை ஹால் வாத்தியாரைப் போல மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு சொன்னார். எந்திரிச்சுப் போயி. அவர் மாதிரியே மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அச்சாக வந்தது. நான்கு மாதமாக இதே பிழைப்புதான், தலைக்குள் ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறது, கிளம்புகிற உத்தேசமே இல்லை, எல்லா வேஷத்தையும் அவளே கட்ட வேண்டியிருக்கிறது. கொட்டாவிக்கும் ஏப்பத்துக்கும் நடுவில் சட்டம் பேசுகிற வக்கீல் வேஷம். "தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஆஸ்பத்திரிக்காரர்களைக் காக்க வைத்த, கம்பெனி போனில் பதிந்திருந்த பெண்ணின் தேன் குரல். அதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பம்பில் கோளாறு என்று அலறிக்கொண்டு கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அந்தத் தேனைத்தான் ஊற்றினோம். இரண்டாவது சொட்டு. குழாயின் நுனியில் ஒரு பொட்டாகத் திரண்டு, பொட்டு என்றா நினைத்தேன், வேண்டாம், ஒரு கடுகாகத் திரண்டு, ஒரு மிளகாகி, தயங்கி, விழுந்தது.

மடியில் அந்தக் கடிதம். ஒரே பக்கம்தான். இதில் அவள் கையெழுத்து விழுந்தால் நித்திலம் மெடிடெக் மறுபடி பம்ப் விற்கலாம். விழாவிட்டால் அரசூர் ரோட்டில் இன்னொரு பூட்டிய ஷெட், வாசலில் இன்னொரு நாய், உள்ளே வேலை பார்த்த நூற்று நாற்பது பேருக்கு இன்னொரு தெரு. நான்கு மாதத்துக்கு முன்னால், எதில் பிசகு என்று தெரியாமல், விற்ற நானூற்றுப் பன்னிரண்டு பம்ப்புகளையும் ஊர் ஊராகப் போய்த் திரும்ப வாங்கி வந்தார்கள், கலியாண வீட்டில் பந்தியிலிருந்து இலையை எடுப்பதுபோல, நர்சுகள் முகத்தைப் பார்க்காமல். முதலாளி கோவர்த்தனன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார், எழுந்ததும் ராஜினாமா எழுதினார். "ரேணுகாம்மா, நீங்க இருவத்திரண்டு வருஷம் உற்பத்தியைப் பாத்தவங்க. உங்க கையில கறை இல்லைங்க. நீங்க அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் ஊர் நம்பும்." இழுத்து இழுத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. அவர் குரலையும் அவளால் பேச முடியும், உங்க கையில, மூச்சு, கறை இல்லைங்க, மூச்சு. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இருக்குதுங்க, கறை இருக்குது, சந்தனக் கலர்ல இருக்குது. சொல்லவில்லை. சாகக் கிடக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். அவர் சாகவில்லை, இப்போது நடைப்பயிற்சி போகிறார். கடிதத்தின் முதல் பத்தி வணக்கம், இரண்டாம் பத்தி வருத்தம், மூன்றாம் பத்தி காரணம். பூஜையின்போது ஐந்து கிராம் எடைக்கல்லின் மீது இடப்பட்ட சந்தனத்தை, தராசைச் சரிபார்க்கும் பணியாளர் திரு. ம. இன்னாசிமுத்து துடைக்கத் தவறியதே பிழைக்குக் காரணம். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். தமிழிலும் இங்கிலீஷிலும். இங்கிலீஷில் இன்னும் சுத்தமாக இருந்தது, ஆளே இல்லாததுபோல. இடப்பட்ட. யாரால் இடப்பட்ட? தானாக வந்து உட்கார்ந்ததா சந்தனம்?

ஐந்தோ ஆறோ, சொட்டை எண்ணத் தவறிவிட்டாள், பரவாயில்லை, தராசு எண்ணிக்கொள்ளும், தராசை நம்பலாம், தராசை நம்பித்தானே எல்லாம். ஆயுத பூஜை அன்றைக்கு ஷெட் முழுக்கக் கழுவி விட்டு, மெஷின்களுக்கு மாலை போட்டு, பொரியும் அவலும் பொட்டலம் பொட்டலமாக மேஜையில். "ஒண்ணையும் விடக்கூடாதப்பா, ஸ்க்ரூ டிரைவர் முதக்கொண்டு பொட்டு வைக்கணும். நம்ம மறந்தா அதுக வருஷம் பூரா நம்மளை மறந்துரும்." சொன்னவள் அவள்தான். எல்லாரும் சிரித்தார்கள். எடைக்கற்கள் இருந்த பெட்டியைத் திறந்தவளும் அவள்தான், வெல்வெட் குழிகளில் ஐந்து கற்கள், பளபளவென்று, பால் பற்கள் மாதிரி. எடைக்கல்லைக் கையால் தொடக்கூடாது, விரல் ரேகைகூட எடை, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவள். அன்றைக்கு அது கல்லாகத் தெரியவில்லை, சாமியாகத் தெரிந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தாராளமாக வழித்து ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். மற்ற நான்கு கல்லும் பெரிசு, இந்தப் பம்ப்புக்குத் தேவைப்படாதவை. ஐந்து கிராம் கல்தான் தராசுக்குக் குரு. அது ஐந்து என்று சொன்னால் தராசுக்கும் ஐந்து. மறுநாள் விஜயதசமி, நல்ல நாளில் வேலை தொடங்க வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார்கள். இந்த அறையில்தான், இதே மேஜைதான். இன்னாசி இடுக்கியும் கையுமாக வந்து நின்றார். "மேடம், கல்லுல பொட்டு இருக்குதுங்க. தொடச்சுப்போட்டு வைக்கட்டுங்களா?" அவள் காதில் போன், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பம்ப் ஏன் வரவில்லை என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "ஐயோ, சாமிக்கு வச்சதை விடிஞ்சதும் அழிப்பாங்களா? ஒரு மூணு நாள் அப்படியே விடுங்க இன்னாசி. நீங்க மாதா கோயிலு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது." இன்னாசியும் சிரித்தார். பதினாறு வருஷம் பூஜைக்குப் பூஜை பொரி வாங்கித் தின்றவர், பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கேட்டு வாங்கிப் போகிறவர். அவராக அதைத் துடைத்திருந்தால்? வேதக்காரன், அதான் பொட்டை அழிச்சுட்டான் என்று ஒரு நாக்காவது பேசியிருக்கும். அதனால்தான் கேட்டார். கேட்கத் தேவையில்லாததைக் கேட்டார். பொட்டு கலைந்துவிடாமல், அவள் பார்க்கப் பார்க்க, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பதவிசோடு அந்தக் கல்லைத் தராசில் வைத்தார். காய்ந்த சந்தனம் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்தே கால் சொச்சத்தை ஐந்து என்று தராசு நம்பியது. அந்தத் தராசைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பம்ப்பையும் திருத்தி அனுப்புவார்கள், தராசு ஒன்று என்று சொன்னபோதெல்லாம் பம்ப் ஒன்றுக்கு மேல் தள்ளியது. நூற்றுக்கு ஆறு. மூன்று நாள், முப்பத்தெட்டு பம்ப். நாலாம் நாள் கல்லைத் துடைத்து வைத்துவிட்டார்கள், பொட்டு வெல்வெட் குழியில் தூளாகக் கிடந்து ஒன்றரை மாதம் கழித்து ஆதாரமாக எழுந்து வந்தது.

நூற்றுக்கு ஆறு என்பது பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அவளுக்கு நூற்றுக்கு ஆறு கூடுதலாக மருந்து ஏறினால் கொஞ்சம் படபடப்பு வரும், அவ்வளவுதான். ஆனால் எழுநூற்றைம்பது கிராமில் ஒரு ஆள் இருந்தது. பேர்கூட வைக்கவில்லை, மோகனப்பிரியாவின் குழந்தை என்று காலில் சீட்டுக் கட்டியிருந்தார்கள், ஒன்பது நாள் இருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பேசினார், கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். "குறைமாசக் குழந்தைங்க. இதனாலதான்னு சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது." சொல்ல முடியாது. இதனாலதான்னும். இல்லைன்னும். அவர் குரலில் ஒரு தரம், வக்கீல் குரலில் ஒரு தரம் ("அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எழுத்துல குடுக்காம இருந்தாச் சரி"), தேன் குரலில் ஒரு தரம், தங்கள் குழந்தை எங்களுக்கு முக்கியமானது. சே. என்ன ஜென்மம் நான். தராசில் ஒரு பக்கம் எழுநூற்றைம்பது கிராம், மறுபக்கம் கால் கிராம் சந்தனம், ஏன் இந்தப் பக்கம் தாழ்கிறது? இல்லை, தாழ்ந்ததா என்பதே தெரியாது. தெரியவே போவதில்லை. கொன்றேன் என்று தெரிந்தால் அழலாம். கொல்லவில்லை என்று தெரிந்தால் தூங்கலாம். மோகனப்பிரியா திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கம்பெனிக்கு வந்தாள், இருபத்திரண்டு வயசு இருக்கும், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று வக்கீல் போலீசுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவள் தூற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அந்த மெஷினு இப்ப எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். எதற்கம்மா என்றார் வக்கீல். "ஒம்பது நாளும் அதுதானுங்க பாப்பா பக்கத்துல இருந்துச்சு. என்னைய உள்ள விடலீங்க." வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு அது ஆதாரம், காட்டுவதற்கில்லை என்றார். அது இங்கேதான் இருக்கிறது. ரேணுகாதேவியின் முதுகுக்குப் பின்னால், பச்சை இரும்பு அலமாரியில், சீல் வைத்து. மோகனப்பிரியாவின் குரலை மட்டும் அவளால் பேசிப் பார்க்க முடிந்ததில்லை. வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது. முதுகு குறுகுறுத்தது. திரும்பக் கூடாது, பார்க்கணும்னா பார்க்கணும்.

கதவு ஒரு சாண் திறந்தது. தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான தமயந்தி, தலையை மட்டும் நீட்டி, "எத்தனைங்க மேடம்?" என்றாள். கடிதத்தை எழுதியவள் அவள்தான், மூன்று நாளாக அதே புடவையோ என்று தோன்றும்படி உழைத்தவள்.

"பன்னெண்டு" என்றாள், தராசின் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டு.

"இப்படி உத்துப் பாத்தீங்கன்னா அது வெக்கப்பட்டு நின்னுக்கப்போவுது. கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க." சிரித்தாள். "வெளிய வந்து பாக்கணும் நீங்க. அத்தனை பேரும் வேலையைப் போட்டுட்டு வாசல்லயே நிக்கிறானுக. பிரசவ வார்டு வாசல் மாதிரியே..." என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருவரும் பச்சை அலமாரியைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"தமயந்தி, மூணாவது பத்தியில ஒரு வரியை மாத்தினா என்ன ஆகும்?"

"மாத்தறதா? விளையாடாதீங்க மேடம். விசாரணைக் குழு ஒத்துக்கிட்ட வரி. ஒரு எழுத்து மாறுனாலும் மறுபடி மொதல்ல இருந்துங்க. ஆறு மாசம் ஒரு பம்ப் வெளிய போகாது. அதுக்குள்ள நம்ம எல்லாரும் முறுக்குச் சுட்டு வித்துக்கிட்டு இருப்போம். எந்த வரி?"

"ஒண்ணுமில்ல. ஒரு கமா."

"கமா கெடக்கட்டும், உயிரோட இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கமா. இன்னாசிமுத்து ஒரு கமா. அந்த விசாரணை நடந்த ஆறு நாளும் அவள் மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், கம்பெனியின் பிரதிநிதியாக, நான்கு அதிகாரிகளுக்குப் பக்கத்தில். எதிரே அவர், கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையில். துடைக்கணும்னு தோணலையா? தோணலீங்க. பதினாறு வருஷ சர்வீஸ், தோணலையா? தோணலீங்க சார். சரி, யாரையாவது கேட்டீங்களா? அப்போது அவர் கண்ணைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரம், ஒரு சொட்டு திரண்டு விழுகிற நேரம்கூட இல்லை. நீங்க சொல்லுங்க என்று அதில் இருந்ததா, நான் சொல்லட்டுமா என்று இருந்ததா, இல்லை சும்மா அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரா? அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தம்ளரில் ஊற்றினாள். யாருக்கும் தாகமில்லை. "கேக்கலீங்க" என்றார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்று இரண்டாம் நாள். நாளைக்கு என்று மூன்றாம் நாள். ஒவ்வொரு நாளும் கேட்டார்கள், வேறு வேறு மாதிரி கேட்டார்கள், மாவு ஆட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பித் தள்ளிவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் கேக்கலீங்க, ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் வழுவழுப்பாக வந்தது. ஆறாம் நாள் அவர் அவளைப் பார்க்கவே இல்லை. இப்போது ஒண்டிப்புதூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிற கடையில் இருக்கிறாராம். போன் நம்பர் அவளிடம் இருக்கிறது. நான்கு மாதமாக இருக்கிறது. எந்திரிச்சுப் போயி பேசக்கூடாது என்றுதான் சொன்னார்களே தவிர, உட்கார்ந்தபடி பேசக்கூடாது என்று சொல்லவில்லை, ஆஹா, வக்கீல் தோற்றார். கண்ணைச் சொட்டிலேயே வைத்துக்கொண்டு விரலால் தடவி எண்ணை அழுத்தினாள். எடுக்க மாட்டார். எடுக்காமல் இருக்க வேண்டும், மாதாவே, உன் கோயிலுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன், எடுக்காமல் இருக்கட்டும்.

"மேடம்! சொல்லுங்க மேடம்." பின்னால் ஏதோ மோட்டார் உறுமியது, யாரையோ நிறுத்தச் சொன்னார், நின்றது. "நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு டெஸ்டாமே, நம்ம பசங்க சொன்னானுக. பாஸ் ஆயிருமுங்க, நீங்க பயப்படாதீங்க."

"இன்னாசி, ஒண்ணு கேக்கணும். விஜயதசமி அன்னிக்கு நீங்க எங்கிட்ட வந்து கேட்டீங்க. பொட்டைத் தொடைக்கட்டுங்களான்னு. நான்தான் வேண்டாம்னேன். நான் அதை எழுதிக் குடுக்கப் போறேன்." சொல்லிவிட்டாள். நான்கு மாதம் தொண்டையில் நின்றது நான்கு வாக்கியத்தில் வெளியே விழுந்துவிட்டது, இவ்வளவுதானா.

பதினைந்தாவது சொட்டு விழுந்தது.

"நான் கேட்டனுங்களா?" என்றார் இன்னாசி. நிஜமாகவே யோசிக்கிற குரல். "இல்லீங்களே மேடம். நான் கேக்கலீங்க. கேட்டிருந்தா நீங்க தொடைங்கன்னு சொல்லியிருப்பீங்க, நான் தொடைச்சிருப்பேன்."

"கேட்டீங்க இன்னாசி. என் காதுல போன் இருந்துச்சு. நீங்க மாதா கோயிலு, உங்களுக்குத் தெரியாதுன்னுகூடச் சொன்னேன்."

"அது வேற வருசமா இருக்குமுங்க. நீங்க அப்படி அடிக்கடி கேலி பண்ணுவீங்களே." சின்னதாகச் சிரித்தார். "மேடம், அந்த ஆறு நாளும் நான் சொன்னதுதாங்க நெசம். மொதல்ல எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு, சொல்லச் சொல்லத்தான் தெளிஞ்சுது. நான் பொட்டைப் பாக்கறேன், யாரையும் கேக்காம எடுத்து வைக்கறேன். கண்ணை மூடினா அப்படியே தெரியுது."

"அப்படி நடக்கலைங்க."

"கோயில்ல பாவத்தை ஒத்துக்கிட்டுச் சொல்லுவமுங்களே, அந்தப் பாவசங்கீர்த்தனத்துலயே சாமியார்கிட்டச் சொல்லிட்டேன் மேடம். பரிகாரமா ஜெபம் சொல்லச் சொல்லி அவரு அபராதம் குடுத்திருக்காரு. மூணு மாசமா அந்தப் பாப்பாவுக்காகத் தினம் ஜெபமாலை சொல்றோம், நானும் எம் பொண்டாட்டியும். பிள்ளைகளும் முழங்கால் போடறாங்க." குரல் இறங்கியது. "இப்ப வந்து அது உன்னோடது இல்லைன்னு நீங்க சொன்னா, நாங்க சொன்னதெல்லாம் யாருக்குங்க போய்ச் சேரும்? நான் என்னத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறது? நீங்க மேல போகணும், கம்பெனி நடக்கணும். இதை என்கிட்டயே விட்டுருங்க. கும்பிட்டுக் கேக்கறேன்." மோட்டார் மறுபடி உறுமியது. "கஸ்டமர் நிக்கறாங்க மேடம். வச்சுரட்டுங்களா?"

வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பதினாறு. கேட்டாரே. நிச்சயமாகக் கேட்டார். அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், இரண்டு பேரில் ஒருவருக்கு ஞாபகம் போய்விட்டது, போகவில்லை, பிடுங்கப்பட்டது, ஆறு நாள் உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் வேலையைத்தான் எடுத்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தாள். பதினேழு. இனி இந்த உலகத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்குச் சாட்சி அவள் ஒருத்திதான். அவள் சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. அவரே வேண்டாம் என்கிறார், கும்பிட்டுக் கேட்கிறார், ஒரு குடும்பமே அதைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறது, அதைப் போய்ப் பிடுங்கலாமா, பாவம் இல்லையா, பிடுங்குவதுதானே பாவம்? எவ்வளவு நியாயமாக இருக்கிறது. வக்கீல் மாதிரி இருக்கிறதே என்று கவனித்துக் கேட்டாள். வக்கீல் இல்லை. முதலாளியும் இல்லை. கொட்டகையில் ஒருவருமே இல்லை, இருபத்திரண்டு வருஷம் உற்பத்தியைப் பார்த்த ஒருத்தி தன் சொந்தக் குரலில், நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவரிடம் கேட்டாகிவிட்டது, அவர் சொல்லிவிட்டார், நீ உன் கடமையைச் செய்தாய். பதினெட்டு. எழுந்து கத்தலாம். கடிதத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் ஆறு மாசம், நூற்று நாற்பது பேர், முறுக்கு. கிழிக்காவிட்டால், கிழிக்காவிட்டால் ஒன்றுமில்லை, கிழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கியது. இறங்காதே, இரு என்று அதைக் கெஞ்சினாள். நான்கு மாதம் ராப்பகலாக அவளைத் தின்றது, அதுவாவது கூட இருந்தது, மளமளவென்று இறங்கிப் போனது. பத்தொன்பது.

பன்னிரண்டு மணிக்குப் பம்ப் மூன்று முறை கூவி நின்றது. தராசு ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம் இரண்டு என்றது. தமயந்தி உள்ளே வந்து குனிந்து பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேணுகாதேவி கடிதத்தை மேஜையில் வைத்து, மூன்றாம் பத்தியை ஒரு முறை முழுக்கப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். நேரமும் போடச் சொன்னாள் தமயந்தி, போட்டாள். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார், பம்ப்பைப் பூட்டுகிற அசெம்பிளிப் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஒருத்தி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளும் அழுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அழுகை வரவில்லை. வேறு ஏதோ வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பசி. கேன்டீனில் அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியலும் பருப்புக் குழம்பும். எல்லாரோடும் பெஞ்சில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்பு, புளி எல்லாம் கச்சிதமாக இருந்தது, வாய்க்கு ருசியாக இருந்தது. தட்டு காலியானதும் பரிமாறுகிற அம்மாவைப் பார்த்து, "சோறு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.